பெருச்சாளிகள் பாடாத ஞாயிற்றுக்கிழமை

...அநியாயமா இல்லையா தம்பி இது? நீங்களே சொல்லுங்க. சொந்த மகள், மருமகன், ஒன்பது வயசுப் பேத்தி, மூணு பேரும் சேர்ந்து என்னை ஒதுக்கி வச்சிருக்காங்க. சோறு போடுறாங்க, அதை இல்லேங்கல. சிரிச்சுப் பேசுறாங்க. மேஜைக்கு மட்டும் வரமாட்டாங்களாம்.

உட்காருங்க. அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உட்காருங்க. நீங்கதானே மூணாவது மாடிக்குப் புதுசா வந்தவர்? பார்த்தேன், மாடிப்படித் திருப்பத்துல அலமாரியோட மாட்டிக்கிட்டு முழிச்சீங்க. நீங்க துணி போட்ட மெஷின் இப்பத்தான் தண்ணி புடிக்குது, அலசிப் பிழிய நேரமாகும். நல்லவேளை அந்த ஓரத்து மெஷின்ல போடல. அது சட்டைப் பொத்தானைத் தின்னும். செயலாளர்கிட்ட மூணு தடவை மனு குடுத்தாச்சு. இந்தக் கட்டடத்துல எவனுக்கும் முதுகெலும்பு கிடையாது தம்பி, நான் ஒருத்தன்தான் கத்திக்கிட்டுத் திரியறேன்.

எந்த மேஜைன்னு கேக்குறீங்களா? கேக்கலையா... சரி, நானே சொல்றேன்.

ஒரு கார்ட்டூன் படம் வந்துச்சு. குடும்பத்தோட பார்க்கிற படம்னு சொல்லி என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. ஒரு முள்ளம்பன்றி இளவரசி. நாட்டுக்கே வெளிச்சம் தர்ற விளக்கை ஆந்தை மந்திரவாதி ஒருத்தன் திருடிக்கிட்டுப் போய் மலைக்குள்ள வச்சிருக்கான். இளவரசியும் பறக்கத் தெரியாத ஒரு வாத்தும் அதை மீட்கப் போறாங்க. மலைக்குள்ள எப்படிப் போறது? சுரங்கம் வழியா. சுரங்கம் யாரு வெட்டினா? பெருச்சாளிங்க. நானூறு பெருச்சாளி, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு, பாடிக்கிட்டே வெட்டுதுங்க தம்பி. பாடிக்கிட்டே. பாறையை உடைக்கிறவன் எவனாவது பாடுவானா? மூச்சு வேணாம்?

கடைசியில இளவரசிக்குக் கிரீடம், வாத்துக்குப் பதக்கம், ஆந்தைக்கு மன்னிப்பு. பெருச்சாளிங்களுக்கு? வளையிலேருந்து தலையை நீட்டிக் கையை ஆட்டுதுங்க. அவ்வளவுதான், படம் முடிஞ்சுது. சுத்தி எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் எழுந்து நின்னு, "கூலி எங்கடா"ன்னு கேட்டேன். மருமகன் என் சட்டையைப் புடிச்சு உட்கார வச்சாரு. நல்ல மனுஷன்தான், ஆனா எந்தப் பக்கமும் சாயாத ஆளு. அப்படிப்பட்டவங்களை நம்பவே கூடாது.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? பாட்டில் ஃபேக்டரியில முப்பது வருஷம். உலைக்கு முன்னாடி நின்ன உடம்பு இது. காலேஜ் வாசல் மிதிச்சதில்ல, துண்டறிக்கை படிச்சே வளர்ந்தவன். அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். நான் ஒரு பக்கம் எழுதினா மேனேஜர் மூணு நாள் தூங்கமாட்டான். 'இஸ்திரி'ன்னு பேரு வச்சிருந்தோம் அவனுக்கு. உலை பக்கம் வந்தாலும் சட்டையில ஒரு மடிப்பு கலையாது. நாங்க வேலைநிறுத்தம் பண்ணப்போ கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "அடம் புடிக்கிறவங்களோட பேச ஒண்ணுமில்ல"ன்னு சொன்னான். மறுநாள் எங்க வேலையைச் செய்ய வேன் நிறைய வெளியாளைக் கொண்டுவந்து எறக்கினான். எங்களுக்குத் தண்ணிப் பானைகூட வைக்காதவன், அவங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் குடுத்தான் தம்பி. கருங்காலிக்கு டீ, பிஸ்கட்... நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

எங்க விட்டேன்? ஆங், படம். பேத்திக்கு அந்தப் படத்து மேல பைத்தியம். பெருச்சாளிப் பாட்டைப் பல்லு விளக்கும்போதுகூட விடமாட்டா. என் மகள் ஆஸ்பத்திரியில நர்ஸ். வாரம் பூரா அவ ஒரு நேரம், வீட்டுக்காரர் ஒரு நேரம், கதவுகிட்ட சாவி மாத்திக்கிற குடும்பம். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நாலு பேரும் ஒண்ணா இருப்போம். அதுலயும் ஆளுக்கொரு மூலையில போனு. அதனால மகள் அந்தப் படத்தையே ஒரு விளையாட்டா மாத்தினா. பலகை, காய் ஒண்ணும் கிடையாது. ஒருத்தர் கதையை நடத்துவாங்க, மத்தவங்க ஆளுக்கொரு வேஷம். "நான் கதவை உடைக்கிறேன்"னு சொன்னா, ஆளுக்கொரு இருபது முகத்துப் பகடை இருக்கு, அதை உருட்டணும். பெரிய எண் விழுந்தா கதவு உடையும், சின்ன எண் விழுந்தா தோள்பட்டை சுளுக்கும். மலை, ஆறு, ஆந்தைக் கோட்டை எல்லாம் பழைய காலண்டர் பின்பக்கத்துல அவளே வரைஞ்சா. டூட்டி முடிஞ்சு வந்து, கால் வீங்கிப்போய் உட்கார்ந்து வரைஞ்சா.

கதையை நடத்துறது மகள். பேத்திதான் இளவரசி. மருமகன் வாத்து, பொருத்தமான வேஷம். "நீங்கப்பா?"ன்னா. நான் யோசிக்கவே இல்ல, பெருச்சாளின்னேன்.

முதல் வாரமே கேட்டேன், வேலை நேரம் எவ்வளவு, சுரங்கம் இடிஞ்சா யாரு பொறுப்புன்னு. ரெண்டாவது வாரம் சங்கம் கட்டினேன். மூணாவது வாரம் நானூறு பேரும் கடப்பாரையைக் கீழ போட்டோம். இளவரசி சுரங்க வாசல்ல நிக்கிறா, போக வழியில்ல. என் மகள் கோவிச்சுக்குவான்னு நினைச்சேன். இல்ல தம்பி. கண்ணு மின்னுச்சு அவளுக்கு. "சரி, ஆந்தை பேச்சுவார்த்தைக்கு வருது"ன்னா. மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குல இறக்கிவிட்டு, ஆந்தைக் குரல்ல என்னோட பேரம் பேசினா பாருங்க... இஸ்திரி தோத்தான். பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. வாத்து குறுக்க பூந்து சமரசம் பேசுது. அந்தச் சாயங்காலம் நாலு போனும் சமையலறையில கிடந்து அடிச்சுது, ஒருத்தரும் எழுந்து போகல.

அதோட நான் வாயை மூடியிருக்கணும்னு சொல்றீங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையா... மூஞ்சி சொல்லுது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. பேச்சுவார்த்தை முடிஞ்சதும் மறுபடி கதை இளவரசி பக்கமே போகுது. மறுபடி கிரீடம், மறுபடி மந்திரம். கதை நடத்துறவங்க கையிலதானே எல்லாம் இருக்கு? அப்ப அந்த நாற்காலியைப் புடிக்கணும். இது எந்தத் துண்டறிக்கையிலயும் முதல் பக்கத்துல இருக்கிற விஷயம். ஓட்டெடுப்பு வேணும்னேன். மூணு பேரு எனக்கு எதிரா. எனக்கு ஆதரவா நான் ஒருத்தன், அப்புறம் நானூறு பெருச்சாளி. அவங்க பிரதிநிதி நான்தானே? நானூத்தியொண்ணுக்கு மூணு. ஜனநாயகம்னா ஜனநாயகம். மகள் எழுந்து நாற்காலியைக் குடுத்துட்டு, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தா.

நான் முதல்ல என்ன பண்ணேன்? மந்திரத்தை ஒழிச்சேன். மந்திரம் மக்களை மழுங்கடிக்கிற சமாச்சாரம். ஆந்தையை எடுத்துட்டு ஆந்தை நிர்வாகக் குழுன்னு ஒண்ணு வச்சேன். விளையாட உட்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் வாசிக்கணும், நானே எழுதினது, எளிய நடைதான். நேரம் கழிச்சு வந்தா அன்னிக்குப் பகடை கிடையாது. மருமகன் நடுவுல சிரிச்சாரு, ரெண்டு சுத்துக்கு வாத்தை ஊமையாக்கினேன். டீ குடிக்க எழுந்தாங்க. முடிச்சுட்டுக் குடிங்கன்னேன். ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா? இளவரசியைப் பட்டத்தை ராஜினாமா பண்ண வச்சேன். அதுக்கே ஒரு சாயங்காலம் ஆச்சு. ஏன்னா ராஜினாமாக் கடிதம் ஏத்துக்கிற மாதிரி இல்ல, மூணு தடவை திருப்பி அனுப்பினேன்.

போன வாரம் பேத்தி கேட்டா, "தாத்தா, பெருச்சாளிங்க ஒரே ஒரு தடவை பாடலாமா?"

வேலை நேரத்துல பாட வைக்கிறது சுரண்டல்னேன்.

"வேலை முடிஞ்சப்புறம்?"

வேலை முடிஞ்சா களைப்பா இருக்கும், பாட மாட்டாங்கன்னேன்.

"பெருச்சாளிங்களைக் கேட்டீங்களா?"ன்னா.

ஒன்பது வயசு தம்பி. அந்தக் கேள்வியை எங்கேருந்து கத்துக்கிட்டா? எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. அவங்க சார்பா நான் பேசுறேன், அது போதும்னேன். அவ பகடையை மேஜை மேல வச்சா. தூக்கி எறியல, மெதுவா வச்சா. பக்கத்துல அவ அப்பா வச்சாரு. அப்புறம் என் மகள். வரிசையா மூணு பகடை. கோரிக்கையை நின்னுக்கிட்டே சொன்னா சின்னவ. பாட்டு வேணும், நடுவுல டீ வேணும், கதையை அம்மா நடத்தணும். அதுவரைக்கும் யாரும் விளையாட மாட்டோம்.

நான் என்ன சொல்றது? அடம் புடிக்கிறவங்களோட பேச ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்.

...

என்ன தம்பி? மெஷின் சத்தம் நின்னுடுச்சா? இல்ல இல்ல, அது மூச்சு வாங்குது, இப்ப மறுபடி சுத்தும் பாருங்க.

நல்ல கட்டுப்பாடு, அதைச் சொல்லணும். ஒரு வாரமா ஒருத்தர் பிசகல. மருமகனைத் தனியாக் கூப்புட்டு, வாத்துக்குப் பறக்கிற சக்தி தர்றேன்னு ஆசை காட்டினேன். அந்த ஆளு, எந்தப் பக்கமும் சாயாத ஆளு, "மூணு பேருக்கும் சேர்த்துப் பேசுங்க மாமா"ன்னுட்டாரு. நான் உருவாக்கின தோழர்கள்லயே இவ்வளவு உறுதியானவங்க பத்துப் பேரு தேறமாட்டாங்க.

பொறுத்துப் பார்க்கலாம்தான். ஆனா அடுத்த வாரத்திலேருந்து மகளுக்கு ஞாயித்துக்கிழமையும் டூட்டி போட்டுட்டாங்க. அந்த மேஜையில எல்லாரும் சேர்ந்து உட்கார இன்னிக்குச் சாயங்காலம்தான் இருக்கு. இதை விட்டா மறுபடி சாவி மாத்திக்கிறதுதான். நான் மூலையில உட்கார்ந்து பேப்பர் படிக்கணும். எனக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க? சங்க ஆபீஸுக்குப் போனா, நாற்காலி போடுறான், அப்புறம் மறந்துடுறான்.

அதனாலதான் உங்ககிட்ட... நீங்க நாலு மணிக்குச் சும்மாத்தானே இருப்பீங்க? மேல வாங்க. ஒரு ஆள் போதும், கதையை நகர்த்திடலாம். ரெண்டாவது மாடித் தையல்காரம்மாவையும் கேட்டிருக்கேன், யோசிச்சுச் சொல்றேன்னாங்க. வெளியாளுங்க உட்கார்ந்து விளையாடுறதைப் பார்த்தா இவங்க தன்னால வழிக்கு வருவாங்க. என்ன வேஷம் வேணும்? இளவரசி வேஷம் காலியாத்தான் இருக்கு. வாசிக்கவெல்லாம் வேணாம். நாற்காலிக்கு மெத்தை போட்டு வைக்கிறேன். பாட்டு வேணும்னா பாட்டும் போட்டுக்கலாம். டீ உண்டு, பிஸ்கட்டும் வாங்கி வச்சிருக்கேன், கிரீம் வச்சது...

எதுக்குச் சிரிக்கிறீங்க?

என்ன எழுந்துட்டீங்க? இன்னும் பிழியவே இல்ல தம்பி. தண்ணி சொட்டச் சொட்டவா எடுத்துக்கிட்டுப் போறீங்க? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன், டீயும் பிஸ்கட்டும்தானே...

...

நீங்க எந்தச் சங்கம்? இல்ல, சும்மா கேட்டேன். வேலைநிறுத்தம் நடக்கிற இடத்துல நுழையமாட்டேன்னு இந்தக் காலத்துல ஒருத்தர் சொல்லிக் கேட்டதே இல்ல. சரிதான். போங்க. நானா இருந்தாலும் வரமாட்டேன். ரெண்டு வார்த்தை திட்டிட்டு வேற போயிருப்பேன்.

தம்பி, ஒரு நிமிஷம். எப்படியும் எங்க வீட்டைத் தாண்டித்தானே மேல போகணும்? கதவைத் தட்டி... நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. டீக்குச் சம்மதம், நாற்காலி அவளுக்கு, பாட்டு ஒரு தடவைன்னு சொல்லுங்க. ஒரு தடவைக்கு ஒத்துக்கமாட்டா சின்னவ. ரெண்டு தடவை. சரி, எத்தனை தடவை வேணும்னாலும் பாடிக்கட்டும், ஆனா பெருச்சாளிங்களைக் கேட்டுட்டுப் பாடட்டும். யாரு சொன்னாங்கன்னு கேட்டா, நிர்வாகம் இறங்கி வந்துடுச்சுன்னு சொல்லுங்க. கீழ, அலசுற மெஷின் பக்கத்துல உட்கார்ந்திருக்குன்னு சொல்லுங்க.