கையை எடுத்தாலும் நேராகப் போகும்

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் சார். வெறும் வயிற்றோடு இருந்தால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். படகுத்துறையில் எல்லோரும் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவரின் வேகப்படகுக்கு ஸ்டியரிங் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். அதில் ஏதோ கோளாறு, அதனால்தான் படகு ஏரிக்கரைக் கல் சுவரில் மோதியது என்று காலையிலிருந்து அவரைத் துருவித் துருவிக் கேட்கிறீர்கள். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். வந்த கையோடு மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அதே படகுத்துறையில், படகுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அறையில், படகு இருக்கைகளுக்கு உறை தைக்கிறேன். என் கணவருக்கு டைல்ஸ் கடை. கலகலப்பான மனிதர். கடைக்கு டைல்ஸ் வாங்க வந்தவர்கள் டைல்ஸை மறந்துவிட்டு அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு யாரும் அவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. கீழே விழுந்து, நுரை தள்ளுகிற வகை இல்லை. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நின்றுபோவார். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். கை துவண்டுவிடும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து பேசுவார். வண்டி ஓட்டாதீர்கள், தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. என் தங்கச்சிகிட்ட கூட. தெரிஞ்சா எல்லாரும் என்னை நோயாளியா பார்ப்பாங்க. நீ பக்கத்துல இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது."

அன்பாகத்தான் சொன்னார். நானும் பக்கத்திலேயே இருந்தேன். எனக்கு ஓட்டப் பிடிக்கும் என்று சொல்லி எல்லா இடத்துக்கும் காரை நானே ஓட்டினேன். அவர் சவரம் செய்யும்போது வாசலில் நின்று, மடித்த துண்டையே மறுபடி மடிப்பேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டுவிட்டேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மாறினால் கதவைத் தள்ளிப் பார்ப்பேன். படுக்கையில் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பேன். காலையில் கையில் மாத்திரையைக் கொடுப்பேன், பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வார். இப்படி வருஷக்கணக்காக. அவர் நன்றாகத் தூங்கினார்.

படகை மட்டும் அவர் விடவில்லை. ஏரியில் அதற்கு ஈடான வேகம் வேறு படகுக்கு இல்லை. நான் பக்கத்து இருக்கையில் உட்காருவேன். "என் மந்திரி இல்லாம நான் கிளம்ப மாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பார்க்கிறவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். என் கண் ஏரியில் இருக்காது, அவர் விரல்களில் இருக்கும்.

பழைய ஸ்டியரிங் கேபிளில் ஓடுவது. வேகம் ஏற ஏற ப்ரொப்பெல்லர் ஒரு பக்கமாக இழுக்கும், சக்கரம் கையோடு மல்லுக்கட்டும். ஒரு தடவை அவர் அப்படி நின்றுபோனார். சக்கரம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழன்றது. படகு தானாகவே வளைந்து, வட்டமடித்து, வேகம் குறைந்தது. நான் எட்டி வேக விசையைப் பின்னுக்கு இழுத்தேன். அவர் திரும்பி வந்து, "எதுக்கு நிறுத்தின?" என்றார். அந்த முரட்டுச் சக்கரம் அன்று எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

ஆனால் அவருக்குத் தோள்பட்டை வலி. ஹைட்ராலிக் போட்டுவிடலாம் என்று ஸ்பேனர் சொன்னார். போட்டார்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பம்ப், என்ஜினில் ஒரு சிலிண்டர், நடுவே எண்ணெய்க் குழாய்கள். குழாயில் காற்று இருந்தால் சக்கரம் பஞ்சு மாதிரி அமுங்குமாம், காற்றை எடுக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றார். என்னைத்தான் கூப்பிட்டார். அவர் பின்னால் குனிந்து திருகைத் திறந்து மூட, நான் முன்னால் எண்ணெய் ஊற்றிக்கொண்டு சக்கரத்தைக் கோடிக்குக் கோடி திருப்பினேன். குமிழி நிற்கும் வரை திருப்பினேன். கடைசியில் ஒரே விரலால் திருப்ப முடிந்தது.

"இனிமே அண்ணனுக்குத் தோள் வலியே இருக்காதுக்கா. இழுக்காது, உதறாது. கையை எடுத்தாலும் வச்ச இடத்துலயே நிக்கும்."

"கையே வைக்கலைன்னா?"

"வைக்கலைன்னாலும் நேராத்தான் போகும். யாராவது திருப்புற வரைக்கும்."

"படகு தானா வளையாதா?"

"வளையவே வளையாது" என்றார், பெருமையாக. பிறகு ஒரு சிவப்புக் கயிற்றைக் காட்டினார். "இதை அண்ணன் இடுப்புல மாட்டிக்கணும். இருக்கையை விட்டு எகிறி விழுந்தா கயிறு இழுபட்டு என்ஜின் நின்னுடும். மறக்காம சொல்லுங்க."

சொன்னேன். அவரும் ஒழுங்காக மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் ஓட்டுநர் இருக்கையைப் பிரித்துத் தைத்தேன். திருப்பத்தில் உடம்பு சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் கடினமான நுரை வைத்து உயர்த்தினேன். அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தாய் மடி மாதிரி இருக்கு" என்றார். அதில் உட்கார்ந்தவர் மயங்கினாலும் விழ மாட்டார். விழாவிட்டால் கயிறு இழுபடாது. நல்ல தையல் அது. இப்போதும் பிரிந்திருக்காது, பாருங்கள்.

மாத்திரையையும் மாற்றினேன். அதே நிறத்தில், அதே அளவில் சத்து மாத்திரை கிடைக்கிறது. வழக்கம்போலப் பார்க்காமலே போட்டுக்கொண்டார். இரண்டாவது வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு தடவை நின்றுபோனார், சட்டை மாட்டும்போது ஒரு தடவை. அவருக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை சார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாருடைய விரலையும் பார்க்காமல் படுக்க வேண்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்வதாக இருந்தேன். அவர் தனியாகப் போவார் என்று நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் நாத்தனார் வந்து இறங்கினாள். அவருடைய ஒரே தங்கை. எனக்கும் அவள் மேல் உயிர். இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டவள் அவள் மட்டும்தான். அன்று காலையிலும் கேட்டாள்.

"என்ன அண்ணி, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு? நீங்க படுங்க. இன்னிக்கு அண்ணனுக்கு நான் மந்திரி."

"மந்திரிக்குச் சம்பளம் கிடையாது" என்று உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கோ" என்று வந்தது. என்னுடைய ஜாக்கெட்டைத்தான் கொடுத்தேன். அவளுக்குக் கொஞ்சம் பெரிது. பட்டையை நானே இழுத்துச் சரிசெய்தேன். போகும்போது திரைச்சீலையை மூடிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

நான் தூங்கினேன். கனவுகூட வரவில்லை. ஸ்பேனர் பல தடவை கூப்பிட்டிருக்கிறார், போன் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, இரண்டு பேருமே போய்விட்டார்கள் என்றார்.

கோடு போட்ட மாதிரி நேராகப் போனதாம். அவளுக்கு ஏன் திருப்பத் தோன்றவில்லை என்று நீங்கள் யோசிப்பீர்கள். அவளுக்குப் பயம் காட்ட அவர் எப்போதும் சுவரைப் பார்த்து ஓட்டிப் போய், கடைசி நொடியில் ஒடிப்பார். சின்ன வயதிலிருந்தே அண்ணன் தங்கைக்குள் அப்படி ஒரு விளையாட்டு. சுவர் மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் சொன்னாராம், அந்தப் பெண் கடைசி வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பயந்திருக்க மாட்டாள்.

நாத்தனார் விஷயத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை. அவளைப் போ என்று நான் சொல்லவில்லை, அவளாகத்தான் கேட்டாள். இதைத் தனியாக எழுதிக்கொள்ள முடியுமானால் நல்லது.

வாசலில் வைத்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள், அவரையும் போகவிட்டிருக்க மாட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி நான்தானே சார் போய் உட்கார வேண்டும்?