பலிக்காத மாத்திரைக்கு ஒரு பாராட்டு விழா

ஒரு மணி நேரம் பேசியும் சுருக்கமாக முடித்துவிட்டதாக நம்பும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! வரவேற்புரையிலேயே நன்றியுரையையும் நடத்தி முடித்த செயலாளர் அவர்களே! கண்மூடிக் கருத்தூன்றிக் கேட்கும் பின்வரிசைப் பெரியோர்களே! குழந்தை அழுகிற சாக்கில் வெளியே காற்று வாங்கிவரும் பாக்கியம் பெற்ற தாய்மார்களே! பேருந்து ஓட்டிப் பழகிய, பேசிப் பழகாத இந்தத் தகப்பனின் பணிவான வணக்கம்.

விழா என் மகளுக்கு. வந்திருப்பது நான். ஆய்வுக்கூடத்தில் அவள் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்களுக்கு இன்று தீனி வைக்க வேண்டுமாம். "லீவுன்னு அதுங்களுக்குத் தெரியுமாப்பா?" என்கிறாள். பெற்றவனைவிடப் புற்றணு பெரிதாகப் போயிற்று!

ரத்தத்தில் வரும் லுக்கேமியா, நிணநீர் முடிச்சுகளில் கட்டியாக வரும் லிம்போமா, இவ்விரண்டு புற்றுநோய்கள் பற்றியும் அவள் எழுதிய கட்டுரை பெரிய மருத்துவ இதழில் வெளியாகியிருக்கிறது. நானும் படித்தேன். அவள் பெயர் மட்டும் தெளிவாகப் புரிந்தது. யாரங்கே சிரிப்பது? நீங்கள் படித்தீர்களா? தலைவர் படித்தாரா? செயலாளர் படித்தாரா? படிக்காமலே பதாகை அடித்தோமே, பாருங்கள் அதன் பளபளப்பை! 'புற்றுநோயைப் புறமுதுகிட வைத்த புதுமைப்பெண்!' தலைவரின் படம் ஆளுயரம். செயலாளரின் படம் தோளுயரம். என் மகளின் படம் தபால்தலை அளவு. நோயை விரட்டியது யாரென்று வழிப்போக்கரைக் கேட்டால் தலைவரைத்தான் காட்டுவார்!

துண்டுச்சீட்டு வருகிறது. 'சுருக்கமாகப் பேசவும்.' ஆகட்டும் தலைவரே, உங்கள் வழியிலேயே சுருக்குகிறேன்.

மண்டப வாசலில் நம் தையற்காரர் என் கையைப் பிடித்தார். கழுத்துக் கட்டிக்கு, அதே லிம்போமாவுக்கு, ஊசி ஏற்றிக்கொண்டு வருகிறாரே, அவர்தான். சொல்லலாமா என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

"அண்ணே, பேனர் பாத்தேன். பாப்பா மருந்து கண்டுபிடிச்சிருச்சாமே! நாளைக்கு ஊசிக்கு வரச் சொன்னாங்க. நான் போகப் போறதில்ல. வாந்தியெடுத்துக் குடலே வெளிய வந்துருச்சு. பாப்பா மாத்திரை வரட்டும், முழுங்கிக்கிறேன்."

எனக்கு நெஞ்சிலேயே பிரேக் பிடித்தது. ஓரமாகப் போய் மகளை அழைத்தேன்.

"ஏம்மா, நீ என்னதான் கண்டுபிடிச்ச?"

"வழக்கமான சிகிச்சையோட ஒரு புது மாத்திரையும் சேத்தா இன்னும் நல்லா கேக்குமான்னு பாத்தோம்பா."

"கேக்குதா?"

"இல்ல. உபாதைதான் கூடுது."

"அப்ப தோத்துட்டியா?"

"இல்லப்பா. இனிமே யாருக்கும் அதை வீணாக் குடுக்க வேணாம்ல?"

"இங்க நீ நோயையே ஒழிச்சிட்டேன்னு பேனர் வச்சிருக்காங்கம்மா. நான் அதுக்குக் கீழ நின்னு போட்டோ வேற எடுத்துக்கிட்டேன். டெய்லர் ஊசியே வேணாங்கிறாரு."

"ஐயோ அப்பா! மொதல்ல டெய்லர் மாமாவை ஊசிக்குப் போகச் சொல்லுங்க. நடுவுல விட்டா கட்டி மறுபடி வளரும். வாந்திக்குத் தனியா மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க."

சபையோரே! என்ன கண்டுபிடித்தாள் என் மகள்? பலனில்லை என்று கண்டுபிடித்தாள்! சிரிக்காதீர்கள். முட்டுச்சந்தில் பேருந்தை விட்டு, சந்து முழுக்கப் பின்னாலேயே எடுத்தவன் நான். முனையிலேயே 'வழியில்லை' என்று யாராவது பலகை நட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அவள் நட்டது அந்தப் பலகை! பலித்ததைப் பறைசாற்றப் பலர் உண்டு. பலிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லும் துணிச்சல் யாருக்கு உண்டு? நம் சங்கம் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வரவில்லை என்று எந்தப் பதாகையில் போட்டோம்? தலைவரே, ஏன் புரையேறுகிறது?

தையற்காரரே! முகத்தைத் திருப்பாதீர்கள். பாப்பாவின் மாத்திரை வராது. வரவே வராது! வராது என்பதுதான் அவள் உங்களுக்கு அனுப்பிய சேதி. உங்கள் கட்டியைக் கரைத்துக்கொண்டிருப்பது உங்களைப் படுத்தி எடுக்கும் அந்தப் பாழாய்ப்போன ஊசிதான். நாளைக் காலையில் உங்கள் வாசலில் நிற்பேன். வருவீர்களா? என்ன? காதில் விழவில்லை!

"வந்து தொலைக்கிறேண்ணே, ஊரைக் கூட்டாதீங்க!" என்கிறார்.

கூட்டியாயிற்று ஐயா, நாற்காலி போட்டே கூட்டியாயிற்று! இன்று இந்த மண்டபத்தில் நடந்த ஒரே மருத்துவ முன்னேற்றம் இதுதான். தட்டுங்கள் கைகளை, அவருக்காக! இன்னும் பலமாக!

பேச விட்ட சங்கத்துக்கும், ஊசிக்கு ஒப்புக்கொண்ட உள்ளத்துக்கும் நன்றி சொல்லிக் கும்பிடுகிறேன். வணக்கம்!