பேட்டரி என்ன வகை

சார்ஜ் கன்ட்ரோலர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கடைக்குள் காலை வைத்ததுமே சோலார் பேனல் எத்தனை வாட் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கூரையில் பளபளவென்று தெரிவது அதுதானே, கண் அங்கேதான் போகும். நான் அவர்களை உட்கார வைத்து, "அதெல்லாம் இருக்கட்டும், பேட்டரி என்ன வகை?" என்று கேட்பேன். பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். பேனல் வெயிலை வாங்குகிறது, பேட்டரி சேர்த்து வைக்கிறது. நடுவில் நின்று எவ்வளவு உள்ளே போகலாம், எப்போது போதும் என்று முடிவு செய்வது இந்தச் சின்னப் பெட்டி. பேட்டரிக்குப் பொருந்தாததை மாட்டினால் ஆறே மாதத்தில் எல்லாம் குட்டிச்சுவர்.

நீங்களும் அதைக் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கருகிப்போன பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, இருபத்திரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவர், ஒரு அபிப்பிராயம் சொல்லுங்கள் என்கிறீர்கள். சமையலறையை ஒட்டிய அறையில் பேட்டரி வாயு சேர்ந்தது, ஜன்னல் மூடியிருந்தது, என் மாப்பிள்ளை அடுப்பைப் பற்றவைத்தார், வெடித்தது. இதில் பொருத்தியவருடைய கவனக்குறைவும் கொஞ்சம் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து ஃபைலை மூடிவிடலாமா என்கிறீர்கள். அந்த ஒரு வரியைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை.

என் மனைவி இறந்துபோனபோது மகளுக்கு நாலு வயது. சமைக்கக் கற்றுக்கொண்டேன், சடை பின்னக் கற்றுக்கொண்டேன். "அப்பா பின்னினதுன்னு பார்த்தவுடனே தெரியுதாம், எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா" என்று முதல் வாரம் அழுதாள். கடையில் மீந்த கேபிளை மூன்றாகப் பிரித்து ஆணியில் கட்டி, வேலை இல்லாத நேரமெல்லாம் பின்னிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டு அக்காவே தன் பெண்ணை என்னிடம் அனுப்ப ஆரம்பித்தாள். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

மாப்பிள்ளை செடி நர்சரி வைத்திருந்தார். மகள் ரோஜாச் செடி வாங்கப் போன இடத்தில் பழக்கம். குறை சொல்ல ஒன்றுமில்லை. குடி இல்லை, கோபம் இல்லை, ஈ எறும்பைக்கூட மிதிக்கமாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் என் மனசு இவ்வளவு பாடு பட்டிருக்காது, ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றிருப்பேன். அவருடைய நிலம் மலைச்சரிவில், நாலு மணி நேர பஸ் பயணம். கடைசி மின்கம்பத்திலிருந்து இன்னும் ஒன்றரை மைல் நடக்க வேண்டும்.

"அங்க கரண்ட்டே இல்லையேம்மா."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களேப்பா" என்று சிரித்தாள்.

மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது மாமா. நீங்க எதை மாட்டுறீங்களோ அதுதான்."

கல்யாணப் பரிசாக நல்ல பேட்டரிகளாகவே கொடுத்தேன். முழுக்க மூடிய ஜெல் பேட்டரி, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கன்ட்ரோலர் எடுக்க அலமாரியைத் திறந்தபோது உள்ளே மூன்று இருந்தன. ஒன்று, பேட்டரியின் சூட்டை ஒரு வயர் வழியாகத் தெரிந்துகொண்டு தானே குறைத்துக்கொள்ளும்; தெரியாதவர் கேட்டால்கூட அதைத்தான் கொடுப்பேன். இரண்டாவது சுமார், ஆனால் ஜெல்லுக்கு மாற்றி வைக்கலாம். மூன்றாவது பழைய சரக்கு. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரிக்கென்றே செய்தது, மாற்ற வழியில்லை. மாதம் ஒருமுறை வோல்டேஜை ஏற்றிப் பேட்டரியைக் கொதிக்க விடும். தண்ணீர் ஊற்றுகிற வகைக்கு அது மருந்து, ஜெல்லுக்கு விஷம். வாடிக்கையாளர் யாருக்கும் அதை நான் கொடுத்ததில்லை. மகளுக்குக் கொடுத்தேன்.

என் யோசனை எளிமையானது. பேட்டரி உள்ளுக்குள்ளேயே காயும். முதலில் மின்விசிறி சோர்ந்துபோகும், பிறகு விளக்கு மங்கும், ஆறு மாதத்தில் ஒன்றும் எரியாது. இருட்டில் எத்தனை நாள் காதல் தாங்கும்? குளிர்காலம் முடியும்வரை அப்பா வீட்டில் இருக்கிறேன் என்று வருவாள், அப்படியே தங்கிவிடுவாள். நானே போய்ப் பேட்டரியை வெளித் தாழ்வாரத்தில் வைத்தேன். கொதித்து வெளியே வருகிற, தீப்பிடிக்கும் வாயு காற்றோடு போய்விடும், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. இந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தவனைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்கிறீர்கள்.

ஆனால் அவள் வரவில்லை. விளக்கு மங்கியது. "மங்கல் வெளிச்சத்துல சாப்பிடறதும் நல்லாத்தான்பா இருக்கு" என்றாள். அன்று போனை வைத்த பிறகு நான் சாப்பிடவில்லை. தினமும் அரை மணி நேரம் பேசியவள், பத்து நிமிஷத்துக்கு வந்தாள். பிறகு சிக்னல் இல்லப்பா, செடிக்குத் தண்ணி விடணும்பா. வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

"அப்பா, தாழ்வாரத்துல சாரல் அடிக்குதுன்னு அவரு பேட்டரியெல்லாம் உள்ள தூக்கி வெச்சுட்டாரு. சமையலறைக்குப் பக்கத்து ரூம்ல. நேத்து கொஞ்ச நேரம் வெயில் வந்துச்சுல்ல, அப்போதுலேருந்து அழுகின முட்டை மாதிரி ஒரே நாத்தம். தொட்டா சுடுதுப்பா. பக்கமெல்லாம் உப்பிப்போச்சு. பயப்பட ஒண்ணும் இல்லையே?"

என் தொழிலில் அந்த நாற்றத்துக்கு ஒரே அர்த்தம்தான். உடனே இணைப்பைக் கழற்று, கதவைத் திற, தீக்குச்சியைத் தொடாதே. வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவளே சொன்னாள். "வெள்ளிக்கிழமை உங்களப் பார்க்க வரேன்பா. ரெண்டு வாரம் இருக்கப் போறேன். அவரு இங்கயே இருந்து செடியைப் பார்த்துக்குவாரு."

ரெண்டு வாரம். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றே நான் பஸ் ஏற வேண்டும், சரியான கன்ட்ரோலரை மாட்ட வேண்டும், விளக்கெல்லாம் ஜகஜ்ஜோதியாக எரியும். இவள் எதற்கு வரப்போகிறாள்? அதுவுமில்லாமல் வானிலை அறிக்கையைப் பார்த்திருந்தேன். வியாழன்வரை மழை. வெயில் இல்லையென்றால் பேட்டரி சும்மா கிடக்கும்.

"பேட்டரி புதுசுதானேம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"சரிப்பா. ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன். கிளம்பும்போது மூடிட்டு வந்துடறேன், இல்லேன்னா மழை வந்தா சாரல் உள்ள அடிக்கும், செடிப் பக்கம் போயிட்டா அவரு கவனிக்கமாட்டாரு."

"சரிம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எழுந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பது எங்கள் தொழிலின் பழக்கம், வெயிலைப் பார்த்தால் மனசு குளிரும். அன்றும் குளிர்ந்தது. எட்டு மணிக்கு பஸ் ஏறிவிட்டதாக அவளிடமிருந்து சேதி வந்தது. அப்போது மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஜன்னலைத் திறங்க மாப்பிள்ளை, அடுப்புப் பக்கம் போகாதீங்க. இவ்வளவுதான். போனை எடுத்தேன், அவர் பெயரும் திரையில் வந்துவிட்டது. ஏன் என்று கேட்பார். அவளிடம் சொல்வார். எல்லாவற்றையும் அவளிடம் சொல்கிற மனுஷன் அவர். என் மகள் கடைசிவரை என் முகத்தில் முழிக்கமாட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளுக்குப் பிடித்ததைச் சமைக்கப் போனேன்.

பன்னிரண்டரைக்கு வந்தாள். வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே நர்சரிக் கதையெல்லாம் சொன்னாள். புதுச் செடி ஒன்றுக்கு மாப்பிள்ளை என் பெயரை வைத்திருக்கிறாராம். "ரொம்ப முள்ளுள்ள செடிப்பா, அதான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது. ஒன்றேகால் மணிக்கு அவள் போன் அடித்தது, அந்த ஊர்க்காரர் ஒருவர். மாப்பிள்ளை டீ போடச் சமையலறைக்குள் போயிருக்கிறார்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். பொருந்தாது என்று தெரிந்தே கன்ட்ரோலரை மாட்டினேன். நாற்றம் என்னவென்று தெரிந்தே பொய் சொன்னேன். அறை மூடியிருக்கிறது, வெயில் அடிக்கிறது, உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான் என்று தெரிந்தே போனைக் கவிழ்த்து வைத்தேன். இதில் கவனக்குறைவு எங்கேயும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். ஜன்னலைத் தான் மூடியதால்தான் அவர் போய்விட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். "நான்தாம்பா மூடுனேன், இந்தக் கையாலதாம்பா மூடுனேன்" என்று கையைத் தரையில் அடித்துக்கொள்கிறாள். சோறு இறங்குவதில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, உன் தப்பு இல்லம்மா, உன் தப்பு இல்லம்மா என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். உண்மை தெரிந்தால் அவளால் தாங்க முடியாது, ஐயா. இப்படி ஒரு நேரத்தில் அந்தப் பிள்ளைக்குச் சாய்ந்துகொள்ள அப்பா என்று ஒருத்தனாவது இருக்க வேண்டாமா?