பயத்தைப் போக்கும் நீல ஓவியம்

இல்ல சார், நீங்களே சொல்லுங்க, எதிர் சுவத்துல இருக்கற அந்தப் படத்தப் பாத்தா ஓடணும்னா தோணுது?... அட, வாயத் தொறக்காதீங்க. கன்னம் பந்து மாதிரி வீங்கியிருக்கு. தலையாட்டினா போதும். சரி, அப்புறம் ஆட்டுங்க. மொதல்ல விஷயத்தக் கேளுங்க.

உள்ள பல்லு புடுங்கிட்டிருக்காங்களே டாக்டரம்மா, அவ என் கூடப் பொறந்த தங்கச்சி. படம் போட்டது நான். உயிரக் குடுத்துப் போட்டேன் சார். காலைல கூப்பிட்டு என்ன சொல்றா தெரியுமா? "அண்ணா, உன் படத்த மாட்டினதுலருந்து பேஷண்ட்டெல்லாம் பாதியில ஓடிப் போறாங்க. இன்னிக்கும் ஒருத்தர் ஓடினா சாயங்காலமே கழட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுருவேன்"ங்கறா. அண்ணன்னு ஒரு மரியாதை வேணாம்? எனக்குக் கெடச்ச ஒரே சுவரு சார் இது! வீட்டுல சுவரு இருக்கு, என் பொண்டாட்டி ஒரு ஆணி அடிக்க விட மாட்டேங்கறா. இன்னிக்குக் கடைசி ஆளு நீங்கதான். என் மானம் உங்க கையிலதான் இருக்கு.

சும்மா கிறுக்கி வெச்சிருக்கான்னு நெனைக்காதீங்க. மூளையப் பத்தி விழுந்து விழுந்து படிச்சுட்டுப் போட்டது. இப்ப ஒரு மரத்த வரைஞ்சோம்னு வைங்க, மூளை 'ஓ, மரம்'னு பேரு வெச்சுட்டு வேலைய முடிச்சுரும். பேரே வைக்க முடியாததக் காட்டினா? தேடும் சார்! நம்ம ஞாபகம், ஆசை, பழைய வலி, எல்லாத்தையும் உள்ள போய்த் துழாவும்... வலின்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், நீங்க ஏன் நெளியறீங்க?

அப்புறம் பாருங்க, கூரா இருக்கறதப் பாத்தா மூளைக்கு ஒரு கலக்கம். வளைவாப் பாத்தா நிம்மதி. அதான் எல்லாம் உருண்டை உருண்டையா, நீலமா போட்டிருக்கேன். ஊசி மாதிரி ஒரு கோடு கெடையாது. ஊசின்னதும் ஞாபகம் வருது, ஈறுல போடுவாங்களே, அது ஒண்ணுதான் கொஞ்சம்... சரி, விடுங்க. அந்த மூலையில செவப்பா இருக்கே, அது ரத்தம் இல்ல சார். எல்லாரும் ரத்தமான்னு கேப்பாங்க, அதான் நானே முந்திக்கிட்டுச் சொல்லிடறது.

மண்டைக்குள்ள பாதாம்பருப்பு சைஸ்ல ஒரு சமாச்சாரம் இருக்கு. பயத்துல அதுக்குப் பெரிய பங்கு. இப்ப உள்ள ட்ரில் சத்தம்... கேக்குதா?... ஸ்ஸ்ஸுய்ய்னு... கேளுங்க, நல்லாக் கேளுங்க! இந்தச் சத்தத்துக்குத் திடுக்குனு முழிச்சுக்கும் அது. ஒடனே நெஞ்சு படபடங்கும், கை வேர்க்கும். உங்களுக்கு வேர்க்குதே! அதான் சார், அதேதான்! இப்பப் படத்தப் பாருங்க. அடங்கணும்.

அடங்கலையா?

ஜனங்களுக்குப் பொறுமையே இல்ல சார். நானும் தெனம் கதவு தொறக்கறதுலருந்து இதே நாற்காலில உக்காந்து, வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் எடுத்துச் சொல்றேன். நேத்து ஒரு டீச்சரம்மா... பல்லுக்குள்ள நரம்பு எப்படிப் போகுது, அதக் கிள்ளினா மூளைக்குச் சேதி எப்படிப் போகுதுன்னு விலாவாரியா வெளக்கிட்டிருக்கேன், போன் வந்துருச்சுன்னு வெளிய போனவங்க, செருப்பக்கூட மாட்டாம போயிட்டாங்க. போன் அடிக்கவே இல்ல சார்! என்ன மனுஷங்களோ. படத்து மேல பழியப் போட்டுட்டு...

சார்? தண்ணி இந்தப் பக்கம் இருக்கு. அது வாசக்கதவு. சார்... சார்! அட, கன்னம் அவ்வளவு வீங்கியிருக்கே சார்!

போயிட்டான்யா.

வாம்மா தங்கச்சி. பாத்துட்டேல்ல? ஒண்ணும் பேசாத. அந்த ஸ்டூல எடு, நானே கழட்டிக் குடுத்துடறேன். எனக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான்... என்னது?... இருக்கட்டுமா? படம் நல்லாத்தான் இருக்கா? நெஜமாவா சொல்றே? அடிப்பாவி, இத்தன நாளு ஒரு வார்த்தை சொன்னியா! எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சும்மா...

ஆங்? சரியாக் காதுல விழல. நாளையிலருந்து யாரு இங்க வந்து உக்காரக் கூடாது?