ஆளுக்கு அரை டம்ளர்

சிரிங்க, பரவால்ல. நர்ஸு ஏற்கனவே ரெண்டு தடவ என்னை மொறச்சிட்டாங்க, இந்தத் தடவ உங்களையும் சேத்து மொறைக்கட்டும். எங்க விட்டேன்? ஆங், கஷாயம். கல்யாணமாகி அஞ்சு வருஷமா எனக்குக் கொழந்தை இல்லீங்க. பெரிய ஆஸ்பத்திரியில எனக்கும் பாத்தாங்க, வீட்டுக்காரருக்கும் பாத்தாங்க. ரெண்டு பேர்கிட்டயும் ஒரு கொறையும் இல்ல, காத்திருங்கன்னுட்டாங்க. காத்திருக்கச் சொல்றதுக்கு ஒரு டாக்டரான்னு எங்க அத்தைக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அத்தைன்னா மாமியார். அன்னையிலேர்ந்து ஆரம்பிச்சதுதான் இந்த வேற வைத்தியம் எல்லாம்.

அந்தக் கஷாயம் இருக்கே, ரோடு போடுற தாரு கணக்கா கறுப்பா, கெட்டியா இருக்கும். ஒரு வாய் வெச்சதும் ஓடிப் போய் தொட்டிகிட்ட குனிஞ்சிட்டேன். அத்தை என்ன பண்ணாங்க தெரியுமா? டம்ளரப் புடுங்கி, பாதிய மடக்குன்னு குடிச்சிட்டு, செத்தா ரெண்டு பேரும் சேந்தே சாவோம், மீதிய நீ குடிடின்னாங்க. அதுலேர்ந்து தெனமும் ஆளுக்கு அரை டம்ளர். கஷாயம் குடுத்த நாட்டு வைத்தியருக்கு இது தெரியாது. அவரு பாட்டுக்கு என் நாடியப் புடிச்சிப் பாத்துட்டு, மருந்து பாதிதான் வேலை செய்யுதுங்கறாரு!

அதோட விட்டாங்களா? அடுத்தது ஊசி. மருந்து ஏத்துற ஊசி இல்லீங்க, சும்மா குத்தி வெக்கிற ஊசி. காது மடல்ல, கால் விரலுக்கு நடுவுல எல்லாம். பயமா இருக்குன்னேன். உடனே முட்டி வலின்னு ஒரு பொய்ய அவுத்து விட்டுட்டு, பக்கத்துக் கட்டில்ல அத்தையும் படுத்துட்டாங்க. ரெண்டு முள்ளம்பன்னியும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கறோம், சிரிக்கக் கூடாது, சிரிச்சா ஊசி ஆடும். அப்புறம் செவுத்துல காலத் தூக்கி வெச்சுப் படுத்தா நல்லதுன்னு யாரோ சொன்னாங்க. ஒரு நாள் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து கதவத் தொறந்தா, செவுத்துல நாலு காலு! மனுஷன் வந்த வழியே திரும்பிப் போயிட்டாரு.

நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். வர்றவங்க புதுக் கண்ணாடிய மாட்டுனதும் மொதல்ல என் வயித்தத்தான் பாப்பாங்க, விசேஷம் ஒண்ணும் இல்லியான்னு. அத்தைகிட்ட வந்து அழுவேன். பவரை மாத்திக் குடுத்துருடி, தடுக்கி விழட்டும்பாங்க.

அப்படி இருக்கையில ஒரு நாள் வாந்தி. எனக்கில்லீங்க. எங்க அத்தைக்கு! கஷாயம் ஒத்துக்கலன்னுதான் நெனச்சோம். மாசாமாசம் வர்றது நின்னதுக்கும், வயசாச்சு, இனிமே அப்படித்தான்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. வயசா? நாப்பத்தாறு. டாக்டரம்மாகிட்ட போனா, ஸ்கேனத் திருப்பிக் காட்டுறாங்க, அஞ்சு மாசம்! கஷாயத்தாலயான்னு கேட்டேன். அட போம்மா, நிக்கப் போற வயசுல சில பேருக்கு இப்படி ஆகறதுதான்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடக்க முடியாம, ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்து சிரிச்சேன். அது எப்போ அழுகையா மாறுச்சுன்னு எனக்கே தெரியல.

மாமா, அதான் மாமனாரு, லிஃப்ட் மெக்கானிக்கு. ஊருக்கே லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு, அக்கம்பக்கத்து ஆளுங்க மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு, ஒரு மாசம் அஞ்சு மாடியும் படியேறித்தான் வந்தாரு!

அத்தை மட்டும் என் கண்ணப் பாக்கவே இல்ல. ஒரு வாரம் கழிச்சு சமையக்கட்டுல என் கையப் புடிச்சுக்கிட்டு, உன்கிட்டேர்ந்து திருடிட்ட மாதிரி இருக்குடி, பொறந்ததும் நீயே எடுத்துக்கோன்னாங்க. ஆசை வரலன்னு பொய் சொல்ல மாட்டேங்க. ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். பேரு கூட யோசிச்சேன். அப்புறந்தான் சொன்னேன், வேணாம் அத்தை, நீங்களே அம்மாவா இருங்க, செல்லம் குடுத்துக் கெடுக்கறத நான் பாத்துக்கறேன்னு.

அக்காவா? இல்லீங்க, உள்ள இருக்கறது எங்க அக்கா இல்ல. அவங்கதான். எங்க அத்தை. ரத்த அழுத்தம் ஏறிப் போச்சுன்னு காலையில எட்டு மணிக்கு உள்ள கொண்டு போனாங்க. தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்துன்னு சொல்லி ஒரு தாள நீட்டுனாங்க. மாமா பேனாவ வாங்கி என் கையில குடுத்துட்டாரு, வீட்டுக்காரர் வெளியூர்லேர்ந்து வந்துட்டே இருக்காரு. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதான் உங்கள இந்தப் பாடு படுத்தறேன். வாய மூடுனா பயமா இருக்குங்க.

இருங்க, நர்ஸு கூப்புடறாங்க. இதோ வந்துட்டேன் சிஸ்டர்! ஆங்? ரெண்டு பேருமா? ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? கண்ண முழிச்சுட்டாங்களா, என்னையவா கேட்டாங்க? யாரு, நானா? கொழந்தைக்கு நான் என்ன வேணுமா? அண்ணிங்க. அட, ஏன் சிஸ்டர் அப்படி முழிக்கறீங்க, அண்ணியேதான்! சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு நாத்தனாரா, கொழுந்தனாரா?