இரண்டு கட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் ஜெய்னுலாப்தீன் காக்கா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டெக்சாஸ் நண்பர்களே, டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து நிற்கும் முசஃபா தொழிலாளர் கேம்ப் தோழர்களே! வணக்கம்.

கீபோர்டு கலைஞர் பாலகுரு போய்விட்டார். நம் இசைக்குழுவில் ஒன்பது ஆண்டுகள் நான் பாட, எனக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர். நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பு. இது போகிற வயதா?

இந்த வளைகுடா ஊரில் பகலில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை வந்தால்? எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர்களின் ராக் குழுவில் கீபோர்டு! மெக்சிகோக் கல்யாண ஆட்டத்தை ராக்கோடு கலந்த டெக்சாஸ் இசை. இடது கை தாளத்தை வெட்டி வெட்டிப் போடும், வலது கை குதித்தோடும். "குரு இல்லையென்றால் ஷோ இல்லை" என்றார்கள் இந்த நண்பர்கள். சிவகங்கைக்காரருக்கு வேறென்ன பட்டம் வேண்டும்?

அதில் ஒரே ஒரு பாட்டை நம் பொங்கல் விழாவில் வாசிக்க ஆசைப்பட்டார்.

"அண்ணே, பத்தே நிமிசம். நம்ம ஆளுகளும் கேக்கட்டுமே."

ஒவ்வோர் ஆண்டும் நிகழ்ச்சிநிரலில் எழுதினேன். ஒவ்வோர் ஆண்டும் நேரமில்லை என்று அடித்தேன். நேரமா இல்லை? ரெங்கராஜாகிய நான் இன்னும் இரண்டு பாட்டுப் பாட வேண்டுமே!

போன வாரம் அவர் மனைவி உமாராணி ஊரிலிருந்து போன் செய்தார். "அந்தப் பாட்டு சிடி இருக்காண்ணே? பொங்கலுக்கு வாசிச்சேன், எல்லாரும் கை தட்டுனாங்கன்னு அவுக சொன்னாகளே." தேடிப் பார்க்கிறேன் என்று போனை வைத்தேன்.

அன்று மாலை ஒத்திகையில் வேறொருவர் கீபோர்டு வாசித்தார். பல்லவியிலேயே என் குரல் உடைந்தது. துக்கம்தான் என்றேன். கிட்டார் வைரவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"துக்கம் இல்லண்ணே. இவரு ஒரிஜினல் சுருதியில வாசிச்சுட்டாரு. பாலகுரு அண்ணன் ஒங்களுக்கு எப்பவும் ரெண்டு கட்டை எறக்கித்தான் வாசிப்பாரு. ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

குழு முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை! ஒரிஜினல் சுருதியில் பாடுகிறவன் என்று இதே மைக்கில் எத்தனை முறை மார்தட்டினேன்! அவருக்கு நான் பத்து நிமிடம் தரவில்லை. அவர் ஒன்பது வருடம் என் மானத்தைக் காத்தார். பாலகுரு, என்னை மன்னித்துவிடப்பா.

வருகிற பொங்கல் விழாவில் முதல் நிகழ்ச்சி அவருடைய பாட்டுதான். வாசிக்க டெக்சாஸ் நண்பர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பதிவு செய்து தங்கை உமாராணிக்கு அனுப்புவோம். நீங்கள் கை தட்டுகிற சத்தமும் அதில் இருக்க வேண்டும்; பாலகுரு சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

அதன்பிறகு நான் பாடுவேன். பாடும் முன், உங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மைக்கிலேயே சொல்வேன்: "ரெண்டு கட்டை எறக்கிப் போடுங்கப்பா."