கருப்பசாமிக்கு ஆகாத சிங்கிள் மால்ட்

"கருப்பசாமிக்கு சிங்கிள் மால்ட் ஆகாது மாப்ள."

பேரையூர் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெரியவர் இப்படிச் சொன்னதும், குடிக்காத எனக்கே காது நீண்டது. அவர் பக்கத்தில் இருந்தவர் துபாயிலிருந்து வருகிறவர். மடியில் பாட்டில் பை.

"ஏன் மாமா? இது ஒரே ஆலையில காய்ச்சுன விஸ்கி. பிளெண்டட்னா பல ஆலைச் சரக்கக் கலந்துருவான். சாமிக்கு உசந்ததா இருக்கட்டும்னுதான் இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வாரேன்."

"தனியா ஊத்துனா சாமி ஏத்துக்காது. பங்காளிக கொண்டாந்த அம்புட்டையும் ஒரே அண்டாவுல ஊத்தித்தான படைப்பீக?"

"அப்ப எங்கண்ணன் சரக்கோடயா? அவருகூடப் பேச்சுவார்த்தையே இல்லையே மாமா."

"அவன் சரக்கோடயும்தான்."

துபாய்க்காரர் பையின் வாயைச் சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பஸ் டி. கல்லுப்பட்டியைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவரு என்ன வாங்கியாருவாரு?"

"குவாட்டர்தான். அவன் குடிய விட்டுட்டான். ஆனா சாமி கும்பிடுக்கு மட்டும் ரெண்டு வாங்கியாருவான்."

"ரெண்டு எதுக்கு?"

"ஒன்ன ஊத்தையில உன் பேரச் சொல்லித்தான் ஊத்துவான்."